பள்ளிக்கு ஒரு கடிதம்

சொந்த ஊரில் இருந்தால், பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தைக்குச் சங்கடம் நேரும்போது கடிதம் எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்படுவதில்லை. தலைமையாசிரியர் பெரியப்பாவோடு ஒன்றாகப் படித்தவராக இருப்பார். இல்லையேல் கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ எதிர்ப்படுவார். நின்ற நிலையில் இரண்டு வார்த்தை பேசிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். பிழைப்பை முன்னிட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நமக்கு அந்த வசதி இல்லை. பெரியப்பாவின் இடத்தை இங்கே ஒரு காகிதம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தக் காகிதத்தில் என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பது சிறிய விஷயம் அன்று.

படிப்பில் ஏதோ ஒரு வகையில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தையைப் பற்றிப் பள்ளிக்கு எழுதும் கடிதமே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கற்றறிந்த நிபுணராக நின்று நாம் சொல்லவில்லை. பிறர் எழுதும் கடிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டும், நம் வீட்டுப் பிள்ளைக்காக எழுதிய முதற் கடிதத்தில் தவறிப்போனவர் என்ற முறையிலேயே சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் கூறிவிடுவது நல்லது. எங்கள் மகன் தில்லியில் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கத் திணறினான். பள்ளியிலிருந்து நாட்குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினார்கள்: வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள், பிள்ளை தேறிவிடுவான் என்று. நாங்கள் அதை மறுவார்த்தை இன்றி ஏற்றோம். எட்டு மாதம் வீட்டில் இந்தியும் ஆங்கிலமும்தான். வாசிப்பு தேறவில்லை, வாயாடியாக இருந்த பிள்ளை வாய் பேசாதவனாக மாறியதுதான் கண்ட பலன்.

அந்தக் கோடையில் தென்காசியிலிருந்து அவனுடைய ஆச்சி வந்து எங்களோடு தங்கினார்கள். அவர்களுக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆதலால் வீட்டில் தமிழ் மறுபடி நுழைந்தது. இரவில் ஆச்சி சொன்ன கதையைக் காலையில் பிள்ளை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னான். ஊரிலிருந்து கொண்டுவந்த அரிச்சுவடியை வைத்து அவர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் அறிந்த எழுத்தை மாலையில் அவன் அடையாளம் காணவில்லை. இரண்டு வாரம் இவ்வாறு கழிந்த பிறகு ஒருநாள் அவர்கள் நம்மிடம் சொன்னார்கள்: "எய்யா, கதை கேட்டா அப்படியே திருப்பிச் சொல்லுதான். ஏட்டைக் கண்டா மட்டும் மிரளுதானே! இதுல தமிழ் என்ன பாவம் பண்ணிச்சு?"

பட்டம் பெற்ற நமக்கு எட்டு மாதம் தோன்றாத கேள்வி அது. அதன் பின்னர் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று பக்கம், நமக்குத் தெரிந்த மிடுக்கான ஆங்கிலம் முழுவதும் அதில் இறங்கியது. எட்டு மாதத்தை வீணாக்கினீர்கள் என்று குற்றம் சாட்டினோம். கல்வியின் நோக்கம் என்ன என்று உபதேசமும் செய்தோம். "ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்" என்று முடித்தோம். ஒரு மாதம் கழித்து, விஷயம் கவனிக்கப்படும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. கவனிக்கப்படவில்லை.

ஒரு நாள் அலுவலக மேசையில் வேறொருவருடைய மனுவை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் நம் பிழை நமக்கே விளங்கிற்று. அந்த மனுவில் துயரம் நிறைய இருந்தது. இன்ன காரியம் வேண்டும் என்ற வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு, கோப்பில் வைக்குமாறு குறிப்பெழுதினார். அவர் கல்நெஞ்சர் அல்லர். அவர் செய்வதற்கு அதில் ஒரு வேலையும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடமும் ஒரு வகையில் அலுவலகமே. நம் மூன்று பக்கக் கடிதம் நம் மேசைக்கே வந்திருந்தால் நாமும் அதைக் கோப்பில்தான் வைத்திருப்போம்.

பள்ளி அறியாததும் பெற்றோர் மட்டுமே அறிந்ததுமான செய்தியைக் கடிதம் சொல்ல வேண்டும். பள்ளியால் செய்யக்கூடியதும், பெயர் சொல்லிக் குறிக்கத்தக்கதுமான ஒரு காரியத்தை அது கேட்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் கடிதம் அரைப் பக்கம் ஆனாலும் வேலை செய்யும். இவை இல்லாவிட்டால் மூன்று பக்கமும் வீண்.

பேனாவை எடுக்கும் முன்பு இரண்டு வாரம் குழந்தையைக் கவனித்து ஒரு சிறு நோட்டில் குறித்துவருதல் அவசியம். தேதி, என்ன பாடம், எவ்வளவு நேரம், என்ன நேர்ந்தது என்று நான்கு விவரம் போதும். "எழுத்தே வரவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. "ஐந்து வரியுள்ள பத்தியை வாசிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று, நான்கு சொற்களை முதலெழுத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னான், அதே பத்தியை நாங்கள் வாசித்துக் காட்டியபோது எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை கூறினான்" என்று எழுதினால், ஆசிரியரின் கண்முன் ஒரு குழந்தை வந்து நிற்கும்.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய மொழியில் படிக்கும் குழந்தை தடுமாறுவது வேறு. கற்றல் குறைபாடு உள்ள குழந்தை தடுமாறுவது வேறு. முன்னது இயற்கை. அத்தகைய குழந்தைக்கு அந்தப் புது மொழியில்தான் சொல் போதாது. தாய்மொழியில் தடையின்றிக் கற்கும். மாதங்கள் செல்லச் செல்லப் புது மொழியிலும் முன்னேறும். பின்னது அப்படி அன்று. டிஸ்லெக்சியா என்று வழங்கும் வாசிப்புக் குறைபாடு ஒரு மொழியோடு நிற்பதில்லை. பேச்சில் கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளை, எந்த எழுத்தைக் கொடுத்தாலும் இடறுவான். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவுள்ள மொழிகளில் அது பெரும்பாலும் மந்தமான வேகமாகத் தென்படும். அந்த ஒழுங்கு குறைந்த ஆங்கிலத்தில் பிழைகளும் மிகுதியாகும்.

இந்த வேறுபாட்டைப் பள்ளி தானாக அறிய வழியில்லை. ஏனெனில் குழந்தையின் தமிழை அங்கே கேட்பவர் யாரும் இல்லை. ஆகவே தமிழ்க் குடும்பத்திலிருந்து செல்லும் கடிதத்தில், வீட்டுமொழியில் குழந்தை எப்படிப் பேசுகிறது, எப்படிக் கதை சொல்கிறது, தமிழெழுத்துக் கற்பித்தால் எப்படி ஏற்கிறது என்று இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். தமிழெழுத்து இதுவரை கற்பிக்காத வீடுகளில், அதையும் அப்படியே சொல்லிவிடலாம். வீட்டில் தாய்மொழி பேசுவது கற்றல் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. அதை நிறுத்துவது குறைபாட்டைத் தீர்ப்பதும் இல்லை. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியிலேயே கல்வி கற்பிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்று நம் அரசியல் சாசனமே 350-ஏ பிரிவில் கூறுகிறது; 1956-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. தாய்மொழியைப் பிள்ளையின் குற்றமாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

மற்றொரு முன்னேற்பாடும் உண்டு. கடிதம் எழுதும் முன்பு கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையையும், பின்வரிசையில் பாடம் காதில் விழாத பிள்ளையையும் படிப்பில் மந்தம் என்று முடிவுகட்டிய கதைகள் அநேகம். சோதனை முடிந்திருந்தால் அதையும் ஒரு வரியில் குறித்துவிடலாம்.

இனி, முதற் கடிதத்தின் அமைப்பைப் பார்ப்போம். அது யாரையும் குறைகூறாதது, சட்டம் பேசாதது, ஒரே ஒரு காரியம் கேட்பது. நாங்கள் இரண்டாவது முறையாக எழுதிய கடிதத்தின் கருத்து ஏறக்குறைய இவ்வாறு இருந்தது:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். பொருள்: மூன்றாம் வகுப்பு மாணவனின் வாசிப்புச் சிரமத்தைப் பரிசோதிக்கக் கோருதல்.

"எங்கள் மகன் தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். கணக்கை வாயால் கேட்டால் விரைவில் விடை சொல்கிறான். படம் வரைவதில் ஆர்வம் உள்ளவன். வகுப்பாசிரியர் அவனிடம் காட்டும் பொறுமைக்கு நாங்கள் நன்றியுடையோம்.

"எங்கள் வீட்டுமொழி தமிழ். தமிழில் அவன் சரளமாகப் பேசுகிறான்; கேட்ட கதையை முழுவதும் திருப்பிச் சொல்கிறான். எனினும் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுத்தைக் கண்டு வாசிக்கும்போது ஒரே விதமாகத் தடுமாறுகிறான். கடந்த இரண்டு வாரத்தில் நாங்கள் குறித்தவற்றைத் தனித்தாளில் இணைத்துள்ளோம். கண்ணும் காதும் சோதிக்கப்பட்டன, குறையில்லை.

"எனவே, பள்ளியின் சிறப்பாசிரியரோ ஆலோசகரோ அவனைப் பரிசோதிக்கவும், அதன் பின்னர் எங்களைச் சந்தித்துப் பேச ஒரு நாள் குறிக்கவும் வேண்டுகிறோம். இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். இக்கடிதம் குழந்தையைப் பற்றியதாதலால், வகுப்பில் மற்றவர் அறியாதவாறு வைத்துக்கொள்ளக் கோருகிறோம்."

இதில் உள்ள ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். பிள்ளையால் ஆவது முதலில் வருகிறது. ஆகாதது பிறகு வருகிறது. குறைகளை மட்டும் அடுக்கினால், படிப்பவர் மனத்தில் அவன் ஒரு சுமையாகவே பதிந்துவிடுவான். அடுத்து, கேட்கும் காரியத்துக்குப் பெயர் உண்டு, பதிலுக்கு நாள் உண்டு. ஆவன செய்யுமாறு கோருவது பணிவாகத் தோன்றினாலும், எது ஆவது என்று தேடும் வேலையைப் படிப்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிக்குச் செல்லும் கடிதம் ஆங்கிலத்திலோ அந்த மாநில மொழியிலோதான் இருக்க வேண்டியிருக்கும். ஆயினும் முதலில் அதைத் தமிழில் எழுதிப் பார்ப்பது நலம். எந்த மொழியில் நினைக்கிறோமோ அந்த மொழியில் உண்மை எளிதாக வரும். எழுதிய பிறகு கோபத்தில் வந்த வரிகளை அடித்துவிட்டு, எஞ்சியதை மாற்றி எழுதலாம். அல்லது அண்டைவீட்டார் ஒருவரின் துணையைக் கேட்கலாம். அப்போது ஓர் எச்சரிக்கை. "மக்கு", "சோம்பேறி", "அடம்பிடிக்கிறான்" என்று நாம் வீட்டில் உரிமையோடு சொல்லும் சொற்கள் வேறு மொழிக்குப் போகும்போது செல்லத்தை இழந்து தீர்ப்பாக மாறிவிடும். அவை பள்ளிக் கோப்பில் பல ஆண்டு தங்கும். ஆதலால் குணத்தை எழுத வேண்டாம்; நடந்ததை எழுதுவோம்.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்னும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதன் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. எழுத்துப் பிழைக்காகப் பெஞ்சின்மேல் நிற்கவைப்பது இன்று சட்ட விரோதம் என்பதைப் பலர் அறியார்.

அதைவிட நெருக்கமாக நமக்கு உதவுவது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். இது 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. புதிய சட்டம் 21 வகைகளைக் கொள்கிறது. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளோடு, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம் பெற்றன. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை அதன் 16-ஆம் பிரிவு கூறுகிறது. பாகுபாடின்றிச் சேர்த்தல், அந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்தல், கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பித்தல், முன்னேற்றத்தைக் கவனித்துவருதல் ஆகியவை அதில் அடங்கும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அடுத்த பிரிவு குறிப்பிடுகிறது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடத்தில் மூன்று மொழி என்று சுமக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த விலக்கு சில சமயங்களில் பெரும் ஆறுதல்.

கற்றல் குறைபாட்டுக்குச் சான்று வழங்கும் முறையை மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் வகுத்தது. மூன்றாம் வகுப்பிலோ எட்டாம் வயதிலோ, எது முந்தியதோ அப்போது, ஆசிரியர்கள் முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்பது அதன் முதற்படி. பின்னர் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் சோதிப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஆக்கிய சோதனைத் தொகுதியை அவ்விதிமுறைகள் இதற்குக் குறித்தன. எட்டு வயதுக்கு முன்னர்ச் சான்று இல்லை என்பதும், பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தன. ஆனால் சான்று தேர்வுச் சலுகைக்கும் அரசு உதவிக்கும்தான் இன்றியமையாதது. வகுப்பில் முன்வரிசையில் உட்காரவைப்பதற்கும், வினாவை வாய்மொழியாகக் கேட்பதற்கும் எந்தச் சான்றும் தேவையில்லை. "சான்று வரட்டும், பார்க்கலாம்" என்று ஓராண்டைப் போக்கிவிடுவதே நாம் அஞ்ச வேண்டிய அபாயம்.

சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்ததும் எழுத வேண்டியது இரண்டாம் கடிதம். அறிக்கையின் பிரதியை மட்டும் இணைத்து அனுப்பிவிட்டால் போதும் என்று பலர் கருதுகிறார்கள். உளவியலாளரின் அறிக்கை பல பக்கம் இருக்கும். நாற்பது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு அதைப் படிக்க நேரம் இராது. ஆகவே அறிக்கையின் சாரத்தை மூன்று வரியில் தந்து, வேண்டுவனவற்றை எண்ணிட்டுக் கேட்க வேண்டும். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் தருதல். வகுப்பில் முன்னறிவிப்பின்றி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல். அறிவியல், சமூகப் பாடங்களில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதிருத்தல். வீட்டுப்பாடத்தின் அளவைப் பாதியாக்குதல். வாரத்தில் சில மணி நேரம் சிறப்பாசிரியரிடம் பயிற்சி பெறச் செய்தல். இவை போன்றவை செலவு மிகாதவை. எந்தப் பள்ளியாலும் செய்யக்கூடியவை. சட்டத்தைச் சொல்ல வேண்டுமானால் இக்கடிதத்தின் இறுதியில் ஒரே வரியில், மேற்சொன்ன 16-ஆம் பிரிவின்படி இவற்றைக் கோருகிறோம் என்று அமைதியாகச் சொல்லலாம். கடிதத்தின் தலைப்பிலேயே சட்டத்தைச் சொன்னால் அது மிரட்டலாகத் தோன்றும். முடிவில் சொன்னால் நினைவூட்டலாக அமையும்.

கடிதத்தை ஒப்படைக்கும் முறையும் முக்கியம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் தந்து, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் அதன் தேதியே சாட்சி. நேரில் சந்தித்துப் பேசிய அன்று இரவே, பேசியதைச் சுருக்கி ஒரு சிறு கடிதம் எழுதிவிடுவது மிகவும் நல்ல வழக்கம். "இன்று எங்களைச் சந்தித்ததற்கு நன்றி. திங்கள், வியாழன் இரு நாட்களில் சிறப்பாசிரியர் பயிற்சி தருவார் என்றும், மூன்று மாதம் கழித்து மறுபடி சந்திக்கலாம் என்றும் கூறினீர்கள்" என்று நான்கு வரி போதும். வாய்ச்சொல் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான். ஆனால் ஆசிரியர்கள் மாறுவார்கள், தலைமையாசிரியர்கள் மாறுவார்கள். எழுத்தில் இருந்தால் அடுத்து வருபவருக்கும் அது வழிகாட்டும். நல்லது நடந்தபோது நன்றி தெரிவித்து எழுதவும் மறக்கலாகாது. புகாரை மட்டுமே சுமந்து செல்லும் குடும்பத்தின் கடிதத்தைப் பள்ளி தயங்கித்தான் பிரிக்கும்.

குறித்த நாளில் பதில் வராவிட்டால், முதற் கடிதத்தின் தேதியைக் குறித்து ஒரு நினைவூட்டல் எழுதலாம். அதற்கும் பலனில்லையெனில் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கும், பின்னர் கல்வித் துறை அதிகாரிக்கும் எழுதலாம். அதற்கும் மேலே, ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர் உண்டு; உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. கேந்திரிய வித்யாலயம் போன்ற மத்திய அரசின் பள்ளிகளைப் பொறுத்தவரை தில்லியில் உள்ள தலைமை ஆணையரை அணுகலாம். இவர்களிடம் செல்லும்போது நம் கையில் இருக்க வேண்டியது கோபம் அன்று; தேதி வாரியாக அடுக்கிய கடிதப் பிரதிகள். எனினும் இதைக் கடைசிப் படியாகவே கருத வேண்டும். வழக்கில் வென்ற மறுநாளும் பிள்ளை அதே வகுப்பறைக்குத்தானே செல்ல வேண்டும்?

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் காலத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வில், தகுதியுள்ள மாணவருக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. இவற்றைப் பெற்றோர் நேரே வாரியத்திடம் கேட்பதில்லை, பள்ளியே விண்ணப்பிக்கிறது. ஆதலால் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே சான்றின் பிரதியோடு பள்ளிக்கு எழுதிவைப்பது நலம். மாநில வாரியங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. மகாராஷ்டிரம் 1996-ஆம் ஆண்டிலேயே கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குத் தேர்வுச் சலுகைகளை அளிக்கத் தொடங்கிவிட்டது. தாம் வாழும் மாநிலத்தின் விதி எது என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதும் ஒரு நல்ல கடிதமே.

நம்மில் பலர் அடிக்கடி இடமாற்றம் பெறும் உத்தியோகத்தில் இருக்கிறோம். இன்று தில்லி, மூன்றாண்டு கழித்து நாகபுரி, அதன் பின் குவாஹாத்தி. ஒவ்வோர் ஊரிலும் பிள்ளையின் கதை முதலிலிருந்து தொடங்கினால் அவன் எப்படித் தேறுவான்? ஆகவே பழைய பள்ளியை விட்டுப் புறப்படும் முன்பு, இதுவரை எந்த ஏற்பாடு பயன் தந்தது, எது தரவில்லை என்று வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதையும் அறிக்கையையும் நம் கடிதப் பிரதிகளையும் ஒரே கோப்பில் வைத்துக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். லாரியில் ஏற்றும் சாமான்களோடு அதை அனுப்பிவிடக் கூடாது.

எங்கள் இரண்டாம் கடிதத்துக்குப் பத்தாம் நாள் பதில் வந்தது. முன்னர் ஒரு வரியில் பதில் சொன்ன அதே தலைமையாசிரியர்தாம் எங்களை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். பள்ளியில் சோதித்தார்கள், பின்னர் மருத்துவமனையில் சோதித்தார்கள், எங்கள் மகனுக்கு வாசிப்புக் குறைபாடு உண்டு என்று தெரிந்தது. இப்போது அவன் ஏழாம் வகுப்பில் இருக்கிறான். இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். முதல் மாணவனாக ஆகிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பள்ளிக்குப் போகும் காலை வேளையில் அவனுக்கு வயிற்றுவலி வருவதில்லை. அந்த வலி எங்கள் நோட்டில் முதற் பக்கத்திலேயே குறிக்கப்பட்ட ஒன்று.

அந்த எட்டு மாதத்தை மட்டும் எங்களால் திருப்பித் தர இயலவில்லை. தன் வீட்டிலேயே தன் மொழியைப் பேச அஞ்சிய குழந்தையாக அவன் கழித்த காலம் அது. அதற்குப் பள்ளி எழுதிய ஒரு வரி பாதிக் காரணம். அதற்கு மறுவரி எழுதாத நாங்கள் மீதிக் காரணம். இதைக் கேட்கும் பெற்றோர் யாரேனும் அத்தகைய ஒரு வரியை நாட்குறிப்பேட்டில் கண்டு மனம் கலங்கி இருப்பார்களாயின், இன்று இரவே ஒரு நோட்டை எடுத்துத் தேதியிட்டுத் தாம் கண்டதை எழுதத் தொடங்கட்டும். ஊரில் உள்ள ஆச்சியிடமும் தாத்தாவிடமும் பிள்ளையைத் தொலைபேசியில் தமிழில் பேசவிடட்டும். இரண்டு வாரத்தில் கடிதம் ஏறக்குறையத் தானே எழுதப்பட்டிருக்கும்.